மூன்றாவது முறை

வாங்க வருகிறவர்கள் முதலில் எண்ணைத்தான் கேட்கிறார்கள்.
நானூற்றைம்பது சி.சி. இருக்கிறதா, யெஸ்னா?
இருக்கிறது.
ஆனால் கொப்பியாபோவில் என் தகரக் கொட்டகைக்கு
ஒரு வழக்கம் உண்டு.
வண்டியை முற்றத்தில் படுக்கப் போடுவேன்,
கைப்பிடி மண்ணில் புதைய.
தூக்கு என்பேன்.
தூக்கியதும் மறுபடி சாய்ப்பேன்.
மூன்றாவது முறை நிமிரும்போது
முகத்தில் என்ன வருகிறதோ
அதைப் பார்த்துத்தான் விலை சொல்வேன்.

முதல் விழுதலுக்குச் சிரிப்பு வரும்.
இரண்டாவதற்குக் கெட்ட வார்த்தை.
மூன்றாவதில்
தண்ணீர்ப்பைக் குழாயை உறிஞ்சினால்
காற்றுதான்.

சூஸ்கா என்று ஒரு மண் இங்கே.
மண்ணா அது? சலித்த மைதா.
குழியை நிரப்பிக்கொண்டு
சமதரைபோல் படுத்திருக்கும்.
முன்சக்கரம் உள்ளே போன பிறகுதான்
ஆழம் தெரியாமல் காலை விட்டது தெரியும்,
அதுவும் அந்தக் கால்
தரைக்கு எட்டினால்.

மார்லேனிஸுக்கு எட்டவில்லை.
மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறவள்,
நாற்பத்தாறு வயது, சைக்கிள்கூட ஓட்டியதில்லை.
அந்த ஆரஞ்சு வண்டிதான் வேண்டும் என்று
ஏறி உட்கார்ந்து
பெருவிரல் நுனியில் தரையைத் தேடினாள்,
உயர அலமாரியில் சர்க்கரை டப்பாவை எடுக்கிறவள் மாதிரி.
பின்கட்டுக்குக் கூட்டிப் போனேன்.
பழைய நூற்றிருபத்தைந்து,
விளக்கில் பிளாஸ்திரி.
குழந்தைகள் ஓட்டுவதா இது?
கிளட்சைப் படாரென்று விட்டுப் பாருங்கள் என்றேன்.
விட்டாள்.
இருமிவிட்டு நின்றுபோனது, எகிறவில்லை.

முதல் ஞாயிறு, வறண்ட ஆற்றுப்படுகையில்
பதினொரு முறை விழுந்திருக்கிறாள்.
நேரம், இடம், காரணம் எல்லாம் கட்டம் போட்டு
எனக்கு அனுப்பியிருந்தாள்.
காரணப் பத்தியில் ஒன்பது இடத்தில் 'பயம்',
ஓரிடத்தில் 'கல்',
ஓரிடத்தில் 'கழுதை'.
நான்காம் மாதம் வந்து நின்றாள்:
இந்த வண்டியில் எனக்குக் கொட்டாவி வருகிறது.
இருநூற்றைம்பதைச் சாய்த்துப் போட்டேன்.

நிபால்டோ வேறு ரகம்.
சுரங்கத்தில் முந்நூறு டன் லாரி ஓட்டுகிறவன்.
ஏழு நாள் வேலை, ஏழு நாள் ஓய்வு,
ஓய்வில் என்ன செய்வதென்று தெரியாத கைகள்.
மூன்று முறையும் ஒற்றைக் கையால் தூக்கினான்,
மறுகையில் போன், மறுமுனையில் யாரோ தங்கை.
என் வழக்கம் வாயடைத்து நின்றது.
விரலுக்குத் தக்க வீக்கம் என்று தொடங்கினேன்.
விரல்களை விரித்துக் காட்டினான்.
ஆக்சிலரேட்டரைத் திருகாதே,
திருக நினை,
நினைத்ததில் பாதி போதும் என்றேன்.
தலையாட்டிக்கொண்டே பணத்தை எண்ணினான்.

முன்பலகையில் எண் ஒட்டியிருந்த பசைத்தடம்.
யாருடைய வண்டி?
நன்றாகப் பார்த்துக்கொண்ட ஒருத்தியுடையது
என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் மாதம் ஒரு ராத்திரி
வாசற்கதவைப் பூட்டிவிட்டு
அந்த நானூற்றைம்பதை நானே படுக்கப் போட்டேன்.
ஒருமுறை தூக்கினேன்.
இன்னொரு முறை.
அப்புறம் இடது முழங்காலில் இருக்கும் இரண்டு திருகாணிகளும்
பேசத் தொடங்கின.
வண்டி கிடந்தபடியே கிடந்தது.
பெட்ரோல் சொட்டும் சத்தம்.
பக்கத்தில் உட்கார்ந்து
வால்வை அடைக்கக்கூடத் தோன்றாமல்
வெகுநேரம் இருந்தேன்.
காலையில் பக்கத்துப் பட்டறைப் பையனை அழைத்து நிமிர்த்தி,
துடைத்து,
விலைச்சீட்டு கட்டினேன்.

இப்போது என்னிடம் இருநூற்று முப்பது.
பொத்தானைத் தொட்டால் கிளம்பும்.
இருக்கையை இரண்டு விரற்கடை செதுக்கியிருக்கிறேன்.
புதுசாகப் பழகுகிறவர்கள் ஓட்டுவதுதானே, அக்கா?
ஆமாம் என்பேன்.
முதல் தடவை அதைச் சொல்லத்தான்
கொஞ்சம் எச்சில் விழுங்க வேண்டியிருந்தது.

போன ஞாயிறு இன்கா தே ஓரோவுக்கு அப்பால்
அச்சுவரை சூஸ்காவில் புதைந்த வண்டியின் அருகே
நிபால்டோ, தோளைப் பிடித்தபடி.
எத்தனையாவது?
ஏழு.
நிறுத்தினேன். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில்.
அவன் பின்னால் தள்ள, நான் கைப்பிடியை இழுத்தேன்.
கிளட்ச் லிவரில் என் நடுவிரல் வளைத்த வளைவு
அப்படியே இருந்தது.

மூச்சு வாங்கி முடித்ததும்
என் வண்டியைச் சுற்றி வந்தான்,
இருக்கையைத் தட்டிப் பார்த்தான்.
இது எத்தனை சி.சி.?

விலைக்கு இல்லை என்றேன்.